பாட்டன் பெயரைக் கேட்ட இரண்டு சட்டங்கள்

“அங்க போய்ப் பாக்கிறதுக்கு ஒண்டுமே இல்லை மாமி” என்று மருமகன் முதலிலேயே சொன்னார். சொல்லிவிட்டுக் காரையும் எடுத்தார். போன வருடம் ஜூன் மாதம். பேரன் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. எட்மன்டனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத காலம். மகள் வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்த ஒரு முத்திரையில்தான் இது தொடங்கியது. கனடா தபால் துறை 2021 இல் வெளியிட்ட முத்திரை. அம்பர் வேலி, அல்பேர்ட்டா என்று அதில் எழுதியிருந்தது. இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அந்த மாகாணத்தில் இருக்கும் மகளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஃபோனில் தேடித் தேடி வாசித்தேன். விடிந்ததும், போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

வடக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் அதபாஸ்கா. அங்கிருந்து கிழக்கே இன்னும் இருபது கிலோமீட்டர் அளவில் அம்பர் வேலி. மருமகன் சொன்னது ஒருவகையில் சரிதான். ஒரு சமூக மண்டபம், ஒரு மயானம், அப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் நடுநடுவே மரக்கூட்டமும். மண்டபம் அன்றைக்குப் பூட்டியிருந்தது. காற்று மட்டும் நிற்காமல் வீசியது. நான் மயானத்துக்குள் போய்க் கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது தெரியவில்லை. கொழும்புக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

கனடா என்றால் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு 1983 கலவரத்துக்குப் பிந்திய ஊர். அங்கே நூறு வருடத்துக்கு முன்பே, சட்டத்துக்குப் பயந்து குடும்பம் குடும்பமாக ஓடிவந்து நிலம் திருத்திய கறுப்பின மக்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 1911ஐ ஒட்டிய சில வருடங்களில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், பெரும்பாலும் ஒக்லஹோமாவில் இருந்து, அல்பேர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் வந்தார்கள். அம்பர் வேலிக்கு முதலில் பைன் க்ரீக் என்று பெயர். ஹென்றி ஸ்னீட் என்ற பாதிரியார் முன்னால் நின்று கூட்டிவந்தவர்களில் ஒருவர்.

கனடாவின் 1872 ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டொலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம் எழுதிக்கொடுத்தார்கள். மூன்று வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டுக் காட்டினால் அது சொந்தம். எங்கள் பூட்டன் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர். அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் வேலி என்பது நிலத்தின் அளவு. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 160 ஏக்கர் என்றால் இருபத்து நாலு வேலி. பூட்டனுக்கு ஊரில் கால் வேலிகூட இருந்ததில்லை என்று அத்தை சொல்வார். அதனால்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்.

ஆனால் அந்த இருபத்து நாலு வேலி உழுவதற்குத் தயாராக இருந்த நிலம் இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்து நல்ல நிலத்தையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது வடக்கே காடும் சதுப்பும். மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, அந்த மரத்திலேயே வீடு கட்டினார்கள். கையில் காசு வேண்டுமே, ஆண்கள் ரயில் பாதை வேலைக்கும் எட்மன்டனுக்கும் கூலிக்குப் போனார்கள். மூன்று வருடம் குடியிருந்து காட்ட வேண்டிய நிலத்தில், பனிக்காலம் முழுவதும் பிள்ளைகளோடு இருந்து அடுப்பை அணையாமல் காத்தவர்கள் பெண்கள். அந்த நிலத்தை மீட்டது யார் என்று என்னைக் கேட்டால், அந்தப் பெண்கள் என்றுதான் சொல்வேன். அந்த மண்ணும் யாருமில்லாத மண் இல்லை. கிரீ, மெட்டி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

ஏன் ஓடிவந்தார்கள் என்று வாசித்தபோதுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஒக்லஹோமா 1907 இல் மாநிலமானது. புதிய சட்டசபை எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, ரயில் பெட்டியில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைக்கும் சட்டம். 1910 இல் அடுத்தது வந்தது. வாக்குப் போட வேண்டுமென்றால் எழுத வாசிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். ஆனால் 1866 ஜனவரி முதலாம் திகதி உன் பாட்டனுக்கோ அவருடைய அப்பனுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் அந்தச் சோதனை உனக்கு இல்லை. 1866 இல் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை ஏது? அடிமைத்தளை அறுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சட்டத்தில் எங்கேயும் ‘கறுப்பினத்தவர் வாக்குப் போடக்கூடாது’ என்று எழுதவில்லை. பாட்டனைக் கேட்டார்கள், அவ்வளவுதான். 1915 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்த்தது. அதற்கு முன்பே இந்தக் குடும்பங்கள் வண்டி கட்டிவிட்டன.

எங்கள் இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தெரிந்தவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிந்திருக்கும். இந்த நாட்டில் பிறந்திருந்தால் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் எங்கேயும் ‘தோட்டத் தமிழர்’ என்று இல்லை. அங்கேயும் பாட்டனைத்தான் கேட்டார்கள். பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத தோட்டத்தில் பாட்டன் பிறந்ததற்குக் காகிதத்துக்கு எங்கே போவது? உலகத்தின் இரண்டு மூலைகளில், நாற்பது வருட இடைவெளியில், இரண்டு சட்டசபைகள் ஒரே கேள்வியைக் கண்டுபிடித்திருக்கின்றன. கேட்பவர்களுக்குப் பதில் முன்பே தெரியும்.

எங்கள் தாத்தா பொகவந்தலாவைப் பக்கத்து ஒரு தோட்டத்தில் பிறந்தவர். காகிதம் இல்லை. அப்பா அதே தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடான அதே லயத்தில், 1934 இல் பிறந்தார். அதற்கும் காகிதம் இல்லை. இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமை கேட்பதற்கென்று வந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டார்கள். கல்யாணம் முடித்தவர் என்றால் ஏழு வருடம், மற்றவர்கள் பத்து வருடம், 1946க்கு முன்னால் தொடர்ச்சியாக இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். நடுவில் இந்தியாவுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. தாத்தா ஒரு முறை சாவு வீட்டுக்கு என்று போய்ப் பதினாலு மாதம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பிறகு 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று. பெரியப்பா குடும்பம், பிரிகிறவர்களின் அழுகையால் அழுகைக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், ராமானுஜம் கப்பலில் அக்கரைப்பட்டது. இப்போது அவருடைய பேரப்பிள்ளைகள் கூடலூரில் தேயிலை பறிக்கிறார்கள். அப்பா கொழும்புக்கு வந்து செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, கனடாவுக்கு வருகிறேன்.

வந்தவர்களை அங்கே வரவேற்கவில்லை. 1911 மார்ச்சில் கிட்டத்தட்ட இருநூறு பேர் கொண்ட ஒரு கூட்டம் மனிடோபாவின் எமர்சன் எல்லையில் நின்றது. எப்படியாவது திருப்பி அனுப்பலாம் என்று வைத்தியப் பரிசோதனையைக் கடுமையாக நடத்தினார்கள். ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் காசும் ஆடுமாடும் இருந்தன. உள்ளே விட வேண்டியதாயிற்று. எட்மன்டனில் இவர்களை நிறுத்தச் சொல்லி 3,000க்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1911 ஆகஸ்ட் 12 ஆம் திகதி, பிரதமர் வில்பிரட் லோரியேயின் அமைச்சரவை ஒரு கட்டளை பிறப்பித்தது. கறுப்பினத்தவர் ‘கனடாவின் காலநிலைக்கும் தேவைகளுக்கும் பொருந்தாதவர்’, ஆகவே ஒரு வருடத்துக்கு உள்ளே வரக்கூடாது. அந்தக் கட்டளை நடைமுறைக்கு வராமலே அக்டோபரில் ரத்தானது. ஆனால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஒக்லஹோமாவுக்கே ஆள் அனுப்பி, கனடாவின் குளிரில் செத்துப்போவீர்கள் என்று சொல்ல வைத்தார்கள். 1912க்குள் வரவு நின்றுவிட்டது.

காலநிலைக்குப் பொருந்தாதவர்கள். இந்த வரியை நான் பல முறை வாசித்தேன். துறையூர் வெயிலில் பிறந்த என் பூட்டனையும் பூட்டியையும் மன்னாரில் இறக்கி, காட்டு வழியே நடத்தி, நாலாயிரம் அடி உயரத்துக் குளிரில், அட்டைக் கடியில், ஒரு கம்பளியைக் கடனுக்குக் கொடுத்து நிறுத்தியபோது, இந்த ஆட்கள் இந்தக் காலநிலைக்குப் பொருந்துவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலி வேலை என்றால் எந்தக் காலநிலையும் பொருந்தும். நிலம் சொந்தமாகும் என்றால்தான் காலநிலை இடிக்கிறது.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் புறக்கோட்டையில் பேரேடு எழுதியவள் நான். படிவம் என்றால் வரிக்கு வரி வாசிப்பேன். நிலத்துக்குப் பத்திரம் கேட்பவர் அங்கே ஒரு படிவம் நிரப்பிச் சத்தியம் செய்ய வேண்டும். எப்போது குடிவந்தாய், வீட்டில் யார் யார், எந்த வருடம் எத்தனை ஏக்கர் உழுதாய், எத்தனை மாடு, எத்தனை குதிரை, வீட்டின் நீள அகலம் என்ன. அவர் சொல்வது உண்மை என்று அயல் நிலத்துக்காரர் இரண்டு பேரும் தனித்தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் படிவங்கள் அல்பேர்ட்டாவில் நுண்படச் சுருள்களாக இன்னும் இருக்கின்றன. எட்மன்டனில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து சிலவற்றைப் பார்த்தேன். காலநிலைக்குப் பொருந்தாதவர் என்று அதே அரசாங்கம் கட்டளை எழுதிய மனிதர், இந்த வருடம் இத்தனை ஏக்கர், அடுத்த வருடம் இன்னும் இத்தனை ஏக்கர் என்று அதே அரசாங்கத்தின் படிவத்தில் கணக்குக் கொடுக்கிறார். கீழே அயலவர் கையெழுத்து. இதைவிட ஒரு பதில் இருக்க முடியுமா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சத்தியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. லயத்தில் பக்கத்து அறையில், அதாவது பக்கத்துக் காம்பராவில், இருப்பவர் வந்து ‘இவர் இங்கேதான் பிறந்தார், நான் பார்த்தேன்’ என்று சொன்னால் அது எடுபடவில்லை. எடுபட்டிருக்கக்கூடிய, தொழிலாளர் பெயரைப் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் தோட்டத்து ஆபீசில் இருந்தன. நாங்கள் போய்க் கேட்டபோது, பழைய புத்தகங்களையெல்லாம் கறையான் பிடித்தது என்று எரித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அம்பர் வேலியில் ஒரு காலத்தில் முந்நூறு பேர் அளவில் இருந்தார்கள். டோல்ஸ் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அவர்களுடைய பேஸ்போல் அணிக்கு அந்த வட்டாரமெங்கும் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளம் ஆட்கள் நகரத்துக்குப் போனார்கள், ஊர் மெல்ல மெல்லக் காலியானது. அல்பேர்ட்டாவில் இதேபோல் இவர்கள் குடியேறிய மற்ற ஊர்களில் சிலவற்றுக்குப் பெயரே மாறிவிட்டது. கீஸ்டன் இப்போது பிரெட்டன். ஜங்கின்ஸ் இப்போது வைல்ட்வுட். சஸ்காச்சுவானில் மெய்ட்ஸ்டனுக்கு வடக்கே, 1912 இல் மரத்தைச் செதுக்கிக் கட்டிய ஷைலோ தேவாலயம் மட்டும் பக்கத்துக் கல்லறைகளோடு நிற்கிறது. ஆட்கள் போய்விட்டார்கள், ஆகவே அந்த முயற்சி தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீஸ்டனில் வந்து நிலம் எடுத்த ஒரு குடும்பத்தின் பேத்தி வயலட் கிங் 1954 இல் கனடாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரானார். பாட்டன் பெயரைச் சொல்லித் தடுத்த சட்டத்திலிருந்து ஓடிவந்தவர்களின் பேத்தி சட்டம் படித்து நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார். இது தோல்வியா?

இந்தக் கதையைக் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். கீஸ்டனில் வளர்ந்து ஆசிரியையான க்வென் ஹூக்ஸ் தன் ஊரைப் பற்றித் தானே உட்கார்ந்து எழுதினார். முத்திரையெல்லாம் பிறகு வந்தது. தெற்கே அமெரிக்காவின் கன்சாஸில் நிக்கோடீமஸ் என்று இன்னும் பழைய ஊர் ஒன்று உண்டு. 1877 இல் கென்டக்கியில் இருந்து வந்தவர்கள் உண்டாக்கியது. அருமையான ஊர் என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கணவரைக் கேட்டார். கணவர் கையைக் காட்டிய பக்கம், தரைக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஆட்கள் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் குடியிருந்தார்கள். அதைப் பார்த்து அழத் தொடங்கினேன் என்று அந்த அம்மா பிறகு சொல்லியிருக்கிறார். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் விளைகிறது என்று ஆள் சேர்க்க வந்த கங்காணி சொன்னதை நம்பி வந்து, லயத்து வாசலில் நின்று அழுத எங்கள் பூட்டி இதைக் கேட்டிருந்தால் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருப்பாள்.

நிக்கோடீமஸில் அந்த முதல் பனிக்காலத்தை ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சியால் கடந்தார்கள். பத்து வருடத்தில் கடையும் பள்ளிக்கூடமுமாக ஊர் எழும்பியது. 1888 இல் ரயில் பாதை ஆற்றுக்கு மறுபக்கம் போனதும் வியாபாரம் அங்கே மாறிப்போனது. இன்றைக்குச் சில வீடுகள்தான். ஆனால் வருடா வருடம் ஜூலைக் கடைசியில், எங்கெங்கோ போன குடும்பங்கள் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்குத் திரும்பி வருகின்றன. சமைக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், கிழவர்களை உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்தம் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1996 இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது, அதற்கு நூறு வருடம் முன்பிருந்தே இந்தத் திரும்பி வருதல் நடக்கிறது.

எங்களுக்கும் அது உண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான மலையகப் பிள்ளைகள் அந்த மூன்று நாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு கோட்டையில் பஸ் ஏறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். நான்தான் பதினொரு வருடமாகப் போகவில்லை. இந்த வருடம் போனேன். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், போகிற வழியில் அதையும் பார்த்தேன். அங்கே இருந்த கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் பார்த்தபோது, எங்கள் லயத்தில் இருந்ததையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அத்தைக்கு எண்பத்து நாலு வயது. இன்னும் அதே லயத்தில் இருக்கிறார். தேர் போன மறுநாள் காலை, ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டு வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு கட்டம் கீறினேன். பன்னிரண்டு காம்பரா. அம்பர் வேலிப் படிவத்தைப் போலவே கேட்டேன். யார் இருந்தது, எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எங்கே போனார்கள், எத்தனை மாடு. மாடு பற்றிக் கேட்டதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாம் காம்பராப் பசுவின் பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது, லட்சுமி. ஐந்தாம் காம்பராக்காரர்கள் ராமானுஜத்தில் போனவர்கள். பத்தாம் காம்பராவில் இருந்தவர்கள் வவுனியாப் பக்கம் போய், பிறகு ஒரு செய்தியும் இல்லை.

ஏழாம் காம்பராவில் மட்டும் தடக்கிவிட்டது. அங்கே ஒரு கிழவி தனியாக இருந்தார். அந்தக் கணக்கில், அதாவது தோட்டத்தின் அந்தப் பிரிவில், பிறந்த பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவர். அப்பாவையும் அவர்தான் வாங்கினார். எல்லாரும் மருத்துவச்சி என்றே கூப்பிட்டதால் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை வாசலில் நின்று எதிர் லயத்துக்குச் சத்தம் போட்டுக் கேட்டார். அங்கேயும் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

நாலு நாள் கழித்து விடியக்காலை ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. ஜிந்துப்பிட்டிக் கோயில் மணிகூட இன்னும் அடிக்கவில்லை.

“புள்ள, ராத்திரியெல்லாம் தூங்காம யோசிச்சேன். அங்காயி. மருத்துவச்சி பேரு அங்காயி. ஊரு முசிறி. எழுதிட்டியா?”